கத்தரிக்காய் 2 கிலோ

ஒவ்வொரு வருடமும் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கைகள் வரும் சமயத்தில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு வட்டப் படம் வந்து சேரும். அரசு ஒரு ரூபாயை எப்படிச் செலவழிக்கிறது என்று வண்ண வண்ணமாகக் கூறுபோட்ட படம். இந்த முறை அனுப்பியவர் தங்கை வீட்டு மாப்பிள்ளை. படத்துக்குக் கீழே அவரே நாலு வரி சேர்த்திருந்தார்: "பெயர் நலத்துறை. யாருக்கு நலம்? சம்பளம், ஆபீஸ் வாடகை, ஜீப், டீசல். பேசாமல் ஆபீசை எல்லாம் மூடிவிட்டு அந்தப் பணத்தை நேராக ஜனங்கள் அக்கவுண்டில் போட்டுவிடலாம்." பதினொரு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். அதில் ஒன்று என்னுடையது.

வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் போட்டது. தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருபது வருடம் குப்பை கொட்டியவனுக்கு, நிர்வாகச் செலவு என்று கேட்டாலே கை தானாகக் கத்தரிக்கோலைத் தேடும். ராத்திரி சாப்பிட்டு முடித்துக் குழுவைத் திறந்தபோதுதான் உறைத்தது, அம்மாவும் அதில் இருக்கிறார். படத்தைப் பார்த்தும் இருக்கிறார். 1982-இல் சத்துணவுத் திட்டம் தொடங்கிய வருடமே அமைப்பாளராகச் சேர்ந்து, 2016-இல் ஓய்வு பெற்றவர். படத்தில் சிவப்பாகத் தெரிந்த 'சம்பளம்' துண்டுக்குள் முப்பத்து நாலு வருடம் குடியிருந்தவர். மறுநாள் போனில் பேசும்போது மாடித் தொட்டி, மூட்டுவலி எல்லாம் பேசி முடித்துவிட்டு, வைக்கப்போகும் நேரத்தில் சொன்னார்: "மாப்பிள்ளை போட்ட படம் நல்லா கலரா இருந்துச்சுடா." அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. மூன்று வாரமாக அந்த 'கலரா' என்னைத் தூங்கவிடவில்லை.

ஒரு தகரப் பெட்டி

அரசு அலுவலகம் என்றால் கட்டடம், மேசை, மின்விசிறி, காலண்டர் எல்லாம் நினைவுக்கு வரும். நலத்துறையின் ஆகச் சின்ன அலுவலகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது பூட்டுப் போட்ட ஒரு தகரப் பெட்டி. பள்ளிக்கூடத்தின் கோடியில் புகைபிடித்த சமையலறை, அதை ஒட்டி எலி புகும் ஒரு இருப்பறை, அதற்குள் இந்தப் பெட்டி. பெட்டிக்குள் வருகைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, காய்கறிப் பதிவேடு, காலிச் சாக்குப் பதிவேடு, பார்வையாளர் குறிப்பேடு, ஒரு மை அட்டை, பாதி காய்ந்த பசை பாட்டில். ஊழியர்கள் மூன்று பேர்: அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர். ஊரில் அம்மாவுக்குப் பெயர் 'சத்துணவு டீச்சர்'. உண்மையான டீச்சர்களுக்கு அந்தப் பட்டத்தில் கொஞ்சம் மனக்குறை உண்டு. அது வேறு கதை.

அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் நுகர்பொருள் வாணிபக் கழகத்திலிருந்து வரும். காய்கறி, தாளிதம், விறகு ஆகியவற்றுக்குத் தலைக்கு இத்தனை பைசா என்று காசாக வரும். பைசா என்று நான் எழுதுவது மிகையில்லை, அப்போது அது நிஜமாகவே பைசாக் கணக்கு. அந்தக் காசும் முன்கூட்டி வராது. மாதம் முடிந்து, பட்டியல் எழுதி, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்து, அங்கே ஒருவர் சரிபார்த்து, இன்னொருவர் விடுப்பிலிருந்து திரும்பிவந்து கையெழுத்துப் போட்ட பிறகு வரும். அதுவரை மளிகைக் கடையில் கடன். கடன் அரசாங்கத்தின் பெயரில் இல்லை, 'டீச்சர் கணக்கு' என்று அம்மாவின் பெயரில். எங்கள் வீட்டுச் சாமான் வாங்கும் கணக்கும் அதே நோட்டில் அடுத்த பக்கத்தில். ஒரு மாநில அரசுக்கு எங்கள் தெருக் கடைக்காரர் வட்டியில்லாமல் கடன் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது கடைக்காரர் முகத்தை வைத்துக்கொண்ட விதத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

சரி, காய்கறிக்குக் காசு உண்டு, விறகுக்கு உண்டு. எதற்குக் கிடையாது என்பதுதான் விஷயம். லாரியிலிருந்து அரிசி மூட்டையை இறக்கி உள்ளே அடுக்க ஆள் வேண்டும். அந்தக் கூலிக்குக் கணக்கில் தலைப்பு இல்லை. விளக்குமாறு தேயும், புதிது வாங்கத் தலைப்பு இல்லை. பூட்டு துருப்பிடிக்கும், கரண்டியின் காம்பு கழன்றுவிடும், அண்டாவுக்கு ஈயம் பூச வேண்டும். ஒன்றிய அலுவலகத்தில் மாதாந்தரக் கூட்டம் என்றால் பஸ்ஸுக்குப் போக வர, மதியத்துக்கு ஒரு பொட்டலம். காலிச் சாக்குகளை எண்ணிக் கணக்குக் காட்ட வேண்டும், எலி கடித்த சாக்குக்கும் பதில் சொல்ல வேண்டும், எலிப்பொறிக்கு மட்டும் காசு கிடையாது. பெரிய அலுவலகங்களில் இதற்குச் சில்லறைச் செலவினம் என்று ஒரு தலைப்பு இருக்கும், வருவாய்த்துறைக்காரர்கள் பழைய வழக்கத்தில் 'சாதில்வார்' என்பார்கள். தகரப் பெட்டிக்கு சாதில்வார் கிடையாது.

அதற்கு அம்மா கண்டுபிடித்த வழி கத்தரிக்காய்.

மூட்டை இறக்குகூலி ஆறு ரூபாயா? பதிவேட்டில் கத்தரிக்காய் 2 கிலோ. விளக்குமாறு வாங்கினாரா? முருங்கைக்காய். பூட்டு என்றால் கொஞ்சம் கனமான செலவு, அதைக் கத்தரிக்காய், தக்காளி, கீரை என்று மூன்று நாளுக்குப் பிரித்து எழுத வேண்டும். காய்க்காரம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சீட்டு எழுதுகிற வேலை என்னுடையது. எனக்குப் பன்னிரண்டு வயது, கையெழுத்து உருண்டையாக இருக்கும். நான் எழுத, காய்க்காரம்மா பெருவிரலை மையில் தொட்டு அழுத்த, அரசாங்க ஆவணம் தயார். கணக்கு எழுதுவதில் என் முதல் பயிற்சி அதுதான். பிற்பாடு வேலைக்குச் சேர்ந்தபோது, காசாளரின் மேசைச் சொருகில் சில்லறைச் செலவுக்கென்று ஒரு தொகை கிடந்ததைப் பார்த்தேன். டீத்தூளுக்கும் பேனாவுக்கும் வெள்ளைச் சீட்டில் 'டீத்தூள்', 'பேனா' என்றே எழுதி எடுத்துக்கொள்ளலாம். கொஞ்ச நாள் அது எனக்கு அதிசயமாகவே இருந்தது.

சந்தை இல்லாத நாள்

1991 அல்லது 92. அரைப்பரீட்சை விடுமுறைக்கு முந்தைய வாரம் என்பது மட்டும் நினைவில் இருக்கிறது. தணிக்கைக்கு ஒருவர் வந்தார். வழக்கமாகப் பதிவேடுகளைச் சுமந்துகொண்டு அமைப்பாளர்கள்தான் ஒன்றிய அலுவலகத்துக்குப் போவார்கள். அந்த வருடம் இருப்பை நேரிலேயே பார்ப்பது என்று முடிவெடுத்துவிட்டார்கள் போல. வெள்ளைச் சட்டை, தோளில் ரெக்ஸின் பை, செருப்பில் செம்மண். ஜீப்பில் வருவார் என்று எதிர்பார்த்து வாசலைப் பெருக்கி வைத்திருந்தோம். அவர் பஸ்ஸில் இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் நடந்து வந்தார்.

அரிசியை எடைபோட்டார். பருப்பு டின்னில் கையை விட்டுப் பார்த்தார். சாக்குகளை எண்ணினார், இரண்டு முறை. எல்லாம் சரியாக இருந்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து காய்கறிப் பதிவேட்டைப் பிரித்தார். சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"ஏம்மா, உங்க ஊர்ல சந்தை என்னைக்கு?"

"வியாழக்கிழமை சார்."

"திங்கக்கிழமை கத்தரிக்காய் 2 கிலோ, புதன்கிழமை கத்தரிக்காய் 2 கிலோன்னு இருக்கே."

அம்மா தயங்கவில்லை. "தோட்டத்துக் காய் சார். தெருவுல கூடையில கொண்டுவருவாங்க."

"அன்னைக்கு மெனு என்ன?"

அம்மா பதிவேட்டைப் பார்த்தார். திங்கட்கிழமை கீரை சாம்பார் என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்தச் சீட்டு நான் எழுதியது. காது இரண்டும் சுட்டது.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. தலையைத் தூக்கி அறையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் புது விளக்குமாறு சாய்ந்திருந்தது. கதவில் புதுப் பூட்டு தொங்கியது. அவர் கையில் இருந்த டம்ளரில் டீ இருந்தது, அந்த டீயும் மறுநாள் ஏதாவது ஒரு காயாக மாறப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டீயைக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார்: "எனக்கு ஆறு மாசமாப் பயணப்படி வரலை டீச்சர். நான் கத்தரிக்காய் எழுத முடியாது. அதான் வித்தியாசம்."

சொல்லிவிட்டு ஆட்சேபணையை எழுதினார். விட்டுவிடவில்லை. சந்தை நாள் அல்லாத தேதிகளில் காட்டிய காய்களுக்கு உரிய ஆதாரம் இல்லை, தொகையைப் பிடித்தம் செய்ய வேண்டும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டார். தொகை நாற்பத்தேழு ரூபாய். அம்மா அதைக் கட்டினார். கட்டிய ரசீதைப் பல வருடம் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தார்.

அவர் கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதை எளிதாக இருந்திருக்கும். நல்லவராக இருந்து விட்டுவிட்டுப் போயிருந்தாலும்தான். அவர் செய்தது முறைப்படி சரி. கீரை சாம்பார் வைத்த நாளில் கத்தரிக்காய் வாங்கியதாக எழுதினால் அது பொய்க்கணக்கு. ஆனால் அந்தப் பதிவேட்டை மட்டும் படித்து, அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு என்ன செலவானது என்று கண்டுபிடிக்க யாராலும் முடியாது. நிர்வாகச் செலவு என்ற இடத்தில் சுழி இருக்கும். அந்தச் சுழியைப் பார்த்து மேலே இருப்பவர் சந்தோஷப்படுவார், அடுத்த வருடமும் சுழியே போதும் என்பார்.

சமைப்பது நிர்வாகமா?

அந்த வட்டப் படத்துக்கு வருகிறேன். அரசுக் கணக்கில் எல்லாவற்றுக்கும் ஓர் எண் உண்டு. சமூகப் பாதுகாப்பும் நலனும் என்றால் 2235. ஊட்டச்சத்து என்றால் 2236. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலன் என்றால் 2225. இந்தப் பெருந்தலைப்புகளுக்குக் கீழே இறங்கிப் போனால் கடைசியில் சம்பளம், பயணச் செலவு, அலுவலகச் செலவு, வாடகை, உதவித்தொகை என்று வகை பிரியும். படம் வரைகிறவர்கள் சம்பளம் என்ற வகையை எல்லாத் தலைப்புகளிலிருந்தும் உருவி எடுத்து ஒன்றாகக் கட்டி, இதோ பாருங்கள் என்கிறார்கள்.

ஒரு தொழிற்சாலைக் கணக்கில் எந்திரத்தில் நிற்பவரின் கூலியை யாரும் நிர்வாகச் செலவில் சேர்க்க மாட்டார்கள். அது உற்பத்திச் செலவு. மேலாளரின் அறைக்குக் குளிர்சாதனம் போட்டால்தான் அது நிர்வாகம். இந்த அரிச்சுவடியைத் தினமும் செய்கிறவன் நான், அரசு என்று வந்ததும் மறந்துவிட்டேன். சத்துணவுக் கூடத்தில் சமையலரின் சம்பளம் எதில் சேரும்? அரிசியைப் பச்சையாகக் குழந்தை கையில் கொடுக்க முடியாது. ஐந்தாம் வகுப்பு வரை தலைக்கு 100 கிராம், அதற்கு மேல் 150 கிராம் அரிசி. அதைச் சோறாக்கி, முட்டையை வேகவைத்து, உரித்து, பன்னிரண்டரை மணிக்குத் தட்டில் வைப்பதுதான் திட்டமே. அங்கன்வாடியில் இன்னும் தெளிவு. தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. அங்கே இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கி எடைபோட்டு, மூக்கைத் துடைத்து, பாட்டுச் சொல்லித் தூங்கவைக்கும் ஊழியரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு அறையும் ஒரு தராசும்.

இந்தச் சிக்கலை அரசாங்கம் ரொம்ப நாள் முன்னாலேயே வேறு விதமாகத் தீர்த்துவிட்டது. சம்பளம் என்று சொன்னால்தானே கண்ணை உறுத்துகிறது, பெயரை மாற்றிவிடலாம். 1975 அக்டோபர் 2-ஆம் தேதி அங்கன்வாடித் திட்டம் தொடங்கியபோதே ஊழியர்களுக்கு வைத்த பெயர் கௌரவப் பணியாளர், அவர்கள் வாங்குவது மதிப்பூதியம். ஒன்றிய அரசின் கணக்கில் 2018 அக்டோபரில் அது மாதம் 4,500 ரூபாய் ஆனது, உதவியாளருக்கு 2,250. இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 2022 ஏப்ரல் வரை ஆனது. சத்துணவில் முதலில் தொகுப்பூதியம், அதாவது மாதத்துக்கு மொத்தமாக ஒரே தொகை, பிறகு சிறப்புக் காலமுறை ஊதியம். 'சிறப்பு' என்ற அடைமொழி வரும்போதெல்லாம் அம்மா சிரிப்பார். சிறப்பு என்றால் மற்றவர்களுக்குக் கிடைப்பது நமக்குக் கிடையாது என்று அர்த்தம். ஓய்வு பெற்றபோதும் சிறப்பு ஓய்வூதியம்தான். அது பல வருடங்கள் 2,000 ரூபாயிலேயே நின்றது.

ஆள் போடாமல் விடுவது இன்னொரு வழி. ஒருவர் ஓய்வு பெறுகிறார், இடம் காலி, பக்கத்து ஊர் அமைப்பாளருக்குக் கூடுதல் பொறுப்பு. கணக்கில் அது சேமிப்பு. அம்மா கடைசி நாலு வருடம் மூன்று மையங்களைப் பார்த்தார். ஒன்றில் அரிசி அளந்து கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்கு ஓட வேண்டும். சமையலர் அக்காவுக்கு முட்டிவலி, உதவியாளர் இடம் காலி, அண்டாவை இறக்க ஐந்தாம் வகுப்புப் பையன்களைக் கூப்பிட்ட நாட்களும் உண்டு. கொதிக்கிற அண்டா. அதைச் சொல்லும்போது அம்மா இன்றைக்கும் கண்ணை மூடிக்கொள்வார். 2024 டிசம்பரில் 8,997 சமையல் உதவியாளர்களை நியமிக்க அரசாணை வந்தது. அந்த எண்ணைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், அத்தனை அண்டாக்களுக்கு அதுவரை ஆள் இல்லை. மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியம், ஒரு வருடம் கழித்துத்தான் சிறப்புக் காலமுறை ஊதியம். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அப்போது நிர்ணயித்திருந்த ஒரு நாள் கூலி 319 ரூபாய். பத்து நாள் மண் வெட்டினால் கிடைப்பதை ஒரு மாதம் சமைத்துப் பாத்திரம் கழுவி வாங்க வேண்டும்.

ஆறு ரூபாய்

ஆபீசை மூடிவிட்டுப் பணத்தை நேராக அக்கவுண்டில் போடலாம் என்ற யோசனைக்கும் நான்தானே கட்டைவிரல் உயர்த்தினேன். அதையும் விடாமல் யோசித்துப் பார்த்தேன். அதற்குப் பக்கத்திலேயே ஓர் ஆள் இருக்கிறார், என் பெரியம்மா. முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்.

முதலில் தபால்காரர் மணியார்டரில் கொண்டுவந்து கொடுப்பார். மணியார்டர் கமிஷன் 20 ரூபாய்க்கு 1 ரூபாய், அதாவது ஆயிரத்துக்கு ஐம்பது. கணக்கில் கண்ணுக்குத் தெரிகிற செலவு. அதோடு தபால்காரர் கையில் கொஞ்சம் தங்கிவிடும், அது கணக்கில் தெரியாத செலவு. பிறகு வங்கிக்கு மாறியது. வங்கித் தொடர்பாளர் கைரேகை எந்திரத்தோடு வருவார். பெரியம்மா வயதில் ரேகை தேய்ந்திருக்கும். எந்திரம் மூன்று முறை மறுக்கும், நாலாவது முறை சார்ஜ் இறங்கிவிடும். இருந்தாலும் தபால்காரர் காலத்தை விட இது தேவலை என்பதுதான் பெரியம்மாவின் தீர்ப்பு, அதையும் சொல்லிவிட வேண்டும்.

போன வருடம் திடீரென்று பணம் நின்றுவிட்டது. ஏன் என்று கேட்க நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பென்ஷன் தருவது சமூக நலத்துறை என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது வருவாய்த்துறை. தாலுகா ஆபீசில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கென்று ஒரு தனி வட்டாட்சியர் இருப்பார். கீழே விசாரித்துச் சொல்ல வேண்டியவர்கள் வி.ஏ.ஓ.வும் ஆர்.ஐ.யும். பட்டா மாறுதல், வெள்ள நிவாரணம், தேர்தல், சாதிச் சான்றிதழ் எல்லாம் போக மிச்ச நேரத்தில் அவர்கள் பெரியம்மா உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். யாரோ பார்க்கவில்லை, அல்லது பார்த்தவர் வேறு பெட்டியில் டிக் போட்டுவிட்டார். பெயர் பட்டியலிலிருந்து போய்விட்டது. நாலு முறை அலைந்தோம். ஒவ்வொரு முறையும் ஷேர் ஆட்டோ, ஜெராக்ஸ், ஒரு இளநீர், எனக்கு அரை நாள் லீவு. மூன்றாவது முறை அங்கிருந்த இளநிலை உதவியாளர், சின்னப் பெண், தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், வரும்போது ஒரு பண்டில் ஏ4 பேப்பர் வாங்கிட்டு வர முடியுமா? பிரிண்டர்ல பேப்பர் இல்ல. போன வாரம் நானே வாங்கினேன்."

லஞ்சமா என்று ஒரு நொடி யோசித்தேன். இல்லை. அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குமாறைக் கத்தரிக்காயாக்க யோசித்த குரல். பேப்பர் வாங்கிக் கொடுத்தேன், அதில் முதல் தாளிலேயே பெரியம்மாவின் உத்தரவு அச்சாகி வந்தது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன், தொழில் புத்தி. ஒன்றிய அரசின் முதியோர் உதவித்தொகை 1995 ஆகஸ்ட் 15-ஆம் தேதி 75 ரூபாயில் தொடங்கியது. பிறகு 200 ஆனது, எண்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்த இருநூறு அசையவே இல்லை. தமிழ்நாடு தன் பணத்தைச் சேர்த்து 2023 ஆகஸ்டில் அதை 1,200 ஆக்கியது. ஒன்றிய அரசின் வழிகாட்டுதலில் நிர்வாகத்துக்கு 3 சதவீதம். இருநூறில் 3 சதவீதம் ஆறு ரூபாய். மாதம் ஆறு ரூபாயில் ஒரு கிழவியைத் தேடிப் போய், உயிரோடு இருப்பதைப் பார்த்து, பதிந்து, பணம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்க வேண்டும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியங்களுக்குச் சட்டத்திலேயே 5 சதவீத உச்சவரம்பு, நூறு நாள் வேலைத் திட்டத்தில் 6 என்று வைத்திருந்தார்கள். இந்த எண்களைப் பார்த்தால் எவ்வளவு சிக்கனம் என்று தோன்றும். பெரியம்மா அந்த நாலு அலைச்சலுக்குச் செலவழித்தது ஒரு மாதப் பென்ஷனில் பாதிக்கு மேல். அது எந்த 3 சதவீதத்திலும் வராது. அந்த ஏ4 பண்டிலும் வராது, அந்தப் பெண் போன வாரம் வாங்கிய பண்டிலும் வராது. வி.ஏ.ஓ.வின் சம்பளம் வருவாய்த்துறைக் கணக்கில் இருக்கிறது, கைரேகை எந்திரம் வங்கிக் கணக்கில் இருக்கிறது, ஷேர் ஆட்டோ பெரியம்மாவின் சுருக்குப்பையில் இருக்கிறது. செலவு குறையவில்லை, ஆளுக்கு ஒரு மூலையில் ஒளிந்திருக்கிறது.

அரிசி மூட்டையும் இதே வழிதான்

இவ்வளவும் எழுதிவிட்டு, அரசு அலுவலகத்தில் செலவாகும் ஒவ்வொரு ரூபாயும் புனிதம் என்று நான் சொல்வதாக மாப்பிள்ளை நினைத்துவிடக் கூடாது. தகரப் பெட்டிக்குச் சாதில்வார் இல்லாத அதே வருடத்தில், அதே ஒன்றியத்தில், ஓர் அதிகாரியின் அறைக்குத் திரைச்சீலையும் சுழல் நாற்காலியும் வந்ததை அம்மா பார்த்திருக்கிறார். ஆய்வுக்கூட்டம் என்று அமைப்பாளர்களை நாள் முழுக்க உட்காரவைத்து, முட்டை எண்ணிக்கையை ஒவ்வொருவராக எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள். அந்த எண்ணிக்கை முன்தினமே எழுதிக் கொடுத்ததுதான். அந்தக் கூட்டத்துக்கான பந்தல், மைக் செலவு மட்டும் எந்த மறைவும் இல்லாமல் 'கூட்டச் செலவு' என்றே பட்டியலில் ஏறும். மேலே போகப்போகச் செலவுக்குச் சொந்தப் பெயர் கிடைத்துவிடுகிறது. கீழேதான் எல்லாம் கத்தரிக்காய்.

இதை விடச் சங்கடமான ஒன்றும் உண்டு. விளக்குமாறைக் கத்தரிக்காய் என்று எழுத முடிந்த பதிவேட்டில் வேறு எதையும் எழுத முடியும். பக்கத்து ஊர் அமைப்பாளர் ஒருவர் நாற்பது பிள்ளைகள் சாப்பிட்ட நாளில் எழுபது என்று எழுதி, மிச்ச அரிசியைப் பின்வாசல் வழியாக அனுப்பினார். பிடிபட்டார். அவருடைய பதிவேடும் அம்மாவுடைய பதிவேடும் பார்க்க ஒரே மாதிரிதான் இருந்திருக்கும், ஒரே வகைச் சீட்டு, ஒரே வகைப் பெருவிரல் ரேகை. தணிக்கைக்காரர் எதை வைத்து வித்தியாசம் கண்டுபிடிப்பார்? புது விளக்குமாறு இருக்கிறதா என்று சுற்றிப் பார்க்கத்தான் வேண்டும். அரசு அனுப்பும் ஒரு ரூபாயில் பதினைந்து பைசாதான் ஜனங்களுக்குப் போய்ச் சேருகிறது என்று 1985-இல் ராஜீவ் காந்தி சொன்ன அந்தக் கதையை நாம் எல்லோரும் திருட்டுக் கதையாகவே படித்துப் பழகிவிட்டோம். மிச்சம் எண்பத்தைந்தில் எவ்வளவு திருடன் பங்கு, எவ்வளவு சமையலர் அக்காவின் பங்கு என்று பிரித்துப் பார்க்கிற கணக்கு நம்மிடம் இல்லை, ஏனென்றால் அந்தக் கணக்கை உண்மையாக எழுத நாம் விடவில்லை.

குழுவில் போட்ட கட்டைவிரலை எடுத்துவிட்டேன். யாரும் கவனித்த மாதிரித் தெரியவில்லை. மாப்பிள்ளைக்கு நீளமாக ஒன்று எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன். அதுதான் இப்போது இந்தக் கட்டுரை.

சென்ற வாரம் அம்மாவைச் சிறப்பு ஓய்வூதியத்துக்கான வாழ்வுச் சான்று கொடுக்க அழைத்துப் போனேன். பையில் சொந்தமாகப் பேனா, பசை, மை அட்டை, இரண்டு வெள்ளைத்தாள், ஆதார் நகல் மூன்று. முப்பத்து நாலு வருடப் பழக்கம், ஆபீசில் எதுவும் இருக்காது என்ற நம்பிக்கையோடுதான் போவார். அவர் உயிரோடு இருப்பதைச் சரிபார்த்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கையெழுத்து முடிந்து எழுந்தபோது அம்மா கதவு மூலையைப் பார்த்து நின்றுவிட்டார். அங்கே பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புது விளக்குமாறு.

"நல்லா இருக்கேம்மா. இதை எதுல எழுதினீங்க?"

அந்தப் பெண் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கார்பன் பேப்பர்ல டீச்சர்."